ஏழு இடத்தில் மட்டும் எழும்பிய கோரை

கற்பிட்டி
18.03.2012

அன்பு மகன் முபாரிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. இந்தக் கடதாசி உன் கைக்கு வந்து சேரும் நேரம் அல்லாஹ் உன்னை உடம்புச் சுகத்தோடும் மனச் சுகத்தோடும் வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் உம்மாவும் ராத்தா வீட்டாரும் அவனுடைய கிருபையால் சாப்பிட்டு, உறங்கி, ஐந்து நேரமும் எழும்பித் தொழுகிற அளவுக்கு இருக்கிறோம், அதற்கு மேல் என்ன வேண்டும். உம்மாவுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது என்று போன கிழமை கிளினிக்கில் சொன்னார்கள், முழங்கால் நோவு மட்டும் அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாள், தடவிவிட்டு அந்த மணம் பிடிக்கவில்லை என்று ஏசவும் ஏசுகிறாள். ராத்தாவின் இளையவனுக்கு உடம்பில் சின்னமுத்து போட்டுச் சுகமாகிவிட்டது. வெங்காயம் இந்த முறை நல்ல விளைச்சல், ஆனால் விலை இல்லை, ஆட்கள் தோட்டத்து ஓரத்திலேயே குவித்து வைத்துக்கொண்டு லொறியைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

நான் சொல்லச் சொல்ல என் மகள், உன் ராத்தா றிஸ்மினாதான் எழுதுகிறாள் என்பது எழுத்தைப் பார்த்ததும் உனக்கு விளங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் போனில் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடதாசி என்று நீ கேட்பாய். அவளும் அதைத்தான் கேட்டாள். மகன், போனில் சொன்னால் நீ ஓம் வாப்பா ஓம் வாப்பா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய், காற்றில் சொன்னது காற்றோடு போய்விடும். இது தாளில் இருக்க வேண்டிய விஷயம். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நான் ஒருநாளும் குறைப்பட்டதில்லை, என் தலைக்குள் இருப்பது எவருடைய கொப்பியிலும் இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டு எழுபத்து மூன்று வயது வரைக்கும் வந்துவிட்டேன். அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதையும், போனதற்காக நான் எப்படி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு செய்கிறேன் என்பதையும்தான் சொல்லப் போகிறேன்.

நம்முடைய இஸ்ஸதீன் தம்பி, மௌத்தான ஹாசிம் ஹாஜியாரின் மகன், கற்பிட்டி ரோட்டில் இருக்கிற அவர்களுடைய தென்னந்தோட்டத்தில் டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டுகிறார் என்றும், நான் அங்கே காவலுக்கும் தோட்ட வேலைக்கும் நிற்கிறேன் என்றும் உனக்குத் தெரியும். விடுதிக்கு முன்னால் தென்னைகளை எடுத்துவிட்டு வெளியாக்கிய அரை ஏக்கர் நிலத்தில், பாயைப் போலச் சுருட்டி லொறியில் வருகிற புல்லை விரிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அந்த நிலம் முழுக்கக் கோரை. நீ கட்டாரில் அதே வேலை செய்கிறாய் என்பதால் அவர் என்னைக் கேட்க, நான் உன்னைக் கேட்க, நீ தை மாதத்தில் ஒருநாள் போனில் விபரமாகச் சொன்னாயே, அது முழுவதும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. கோரையைப் பிடுங்க வேண்டாம் வாப்பா, பிடுங்கினால் மேலே இருக்கிற தாள்தான் கையோடு வரும், கீழே கிழங்கு கிழங்காக நூலில் கோத்தது போல் கிடக்கிறது, ஒன்றைப் பிடுங்கினால் நாலு முளைக்கும் என்றாய். வெட்டவும் வேண்டாம், பத்து நாளைக்குத் தண்ணீர் விட்டுச் செழிப்பாக வளரவிடுங்கள், இலை கொழுத்து நிற்கும்போது மருந்தை அடித்தால் இலை அதைக் குடித்துத் தானாகவே கிழங்குக்குக் கொண்டுபோகும் என்றாய். காய்ந்த பிறகும் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள், தப்பின கிழங்கு முளைக்கும், அதற்கு இரண்டாந்தரம் அடியுங்கள், அதற்குப் பிறகுதான் புதுப் புல் விரிக்க வேண்டும் என்றாய். நான் போனை வைத்துவிட்டு உம்மாவிடம் சொன்னேன், இவனை நான் பெற்றேனா இவன் என்னைப் பெற்றானா என்று. உம்மா சொன்னாள், ரெண்டு பேரையும் புல்லுதான் பெத்திரிக்கி, வாயத் தொறந்தாப் புல்லுக் கதைதான் என்று.

ஆனால் அந்த நிலத்தைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் மன்னாரிலிருந்து எங்களை ஊரோடு எழுப்பித் துரத்தியபோது மழைக்குள் வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம், உனக்கு அப்போது ஆறு வயது, என் சாரனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஹாசிம் ஹாஜியார்தான் தன்னுடைய தோட்டத்தைத் திறந்துவிட்டு, ஓலைக் கிடுகும் கொடுத்து, குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றார், அந்த மனிதர் அடங்கியிருக்கிற கபுறை அல்லாஹ் விசாலமாக்க வேண்டும். அந்த மாரியில் வயிற்றோட்டம் வந்தது. பதினேழு நாளைக்குள் ஏழு பேர் மௌத்து. ஊர் மௌத்துகளை அடக்குகிற மையவாடி பள்ளமான இடம், களப்புக் கடல் தண்ணீர் ஏறி முழங்கால் அளவுக்கு நின்றது, தோண்டினால் குழிக்குள் தண்ணீர். ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் மேடான ஓர் இடத்தைக் கையால் காட்டி, இஞ்ச அடக்குங்க, இது இனி ஒங்கட இடம் என்றார். ஏழு பேரையும் அங்கேதான் அடக்கினோம். மீசான் கல் வைக்க வழியில்லை, தலைமாட்டில் ஆளுக்கொரு பச்சைத் தென்னை மட்டை குத்தினோம், அவ்வளவுதான். அந்த ஏழில் ஒன்று உன் தங்கச்சி அக்கீலா. ஒன்றரை வயது. அவளை இந்த இரண்டு கையாலும் நான்தான் கீழே வைத்தேன். பெண்கள் மையத்தோடு அடக்குகிற இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்பதால் உம்மா குடிசையில் இருந்தாள், அவள் அந்த இடத்தை ஒருநாளும் கண்டதில்லை, நான் சொன்னதுதான் அவளுக்கு இடம்.

அந்தக் குடிசை முகாம் கலைந்து நாங்கள் பாலாவிக்கு உப்பள வேலைக்குப் போனோம், தோட்டத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். ஆனாலும் கற்பிட்டிப் பக்கம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் வேலி ஓரம் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போவேன். அடையாளம் எனக்குக் கிணறு. கிணற்றுக்கட்டில் இருந்து களப்புப் பக்கமாக இருபத்திரண்டு எட்டு நடந்தால், அங்கே தொடங்கி ஏழு கபுறும் ஒரே வரிசை. இருபத்தொரு வருஷமும் அதை நான் தவறவிடவில்லை. உம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் யன்னலால் அந்தப் பக்கத்தைக் காட்டுவேன், அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள்.

அதனால் புல் விரிக்கிற கதை வந்ததும் இஸ்ஸதீன் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். தம்பி, அந்த நிலத்தில் எங்கள் ஏழு பேர் இருக்கிறார்கள் என்றேன். எப்படி இருக்கிறார்கள் என்றும் சொன்னேன், கிழக்கே முதலாவது நீளம், அடுத்தது கட்டை, அதற்கடுத்தது அதைவிடக் கட்டை, நாலாவது எல்லாவற்றிலும் நீளம், பிறகு மூன்றும் கட்டை. அவர் கெட்ட மனிதர் இல்லை மகன், பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அபூசாலி நானா, எங்கட வாப்பா மௌத்தாகிற வரைக்கும் இப்பிடியொரு கதை சொல்லல்லயே, மையவாடி இருக்கக்குள்ள தோட்டத்துக்குள்ள ஏன் அடக்கப் போறாங்க, தென்னை பிடுங்கக்குள்ளயும் ஒண்டும் காணல்லயே, ஒரு துண்டுக் கடதாசி இருந்தாக் காட்டுங்க, நான் வேணாமெண்டு சொல்ல மாட்டன் என்றார். என்னிடம் ஏது கடதாசி. அந்தக் குடும்பங்களில் பாதிப் பேர் சண்டை முடிந்ததும் மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள், மற்றவர்கள் மௌத்து, என்னோடு நின்று மண் தள்ளியவர் ஒருவரும் இப்போது இங்கே இல்லை. எங்களுக்கு இருக்க இடம் தந்த மனிதருடைய பிள்ளையோடு எதிர்த்து நின்று கதைக்கவும் எனக்கு வாய் வரவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு இருந்த பெரிய கவலை புதுப் புல் இல்லை. மருந்துதான். கபுறுக்கு மேலே பச்சையாக நிற்கிற எதுவும் பச்சையாக இருக்கிற வரைக்கும் அல்லாஹ்வை நினைத்துத் திக்ரு செய்யும், அது கீழே இருப்பவருடைய வேதனையை லேசாக்கும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள், மையவாடியில் ஆட்டைக்கூட மேயவிட மாட்டோம். கோரை என்றாலும் அதுவும் பச்சைதானே. என் பிள்ளைக்கு நான் வைத்த ஒரே ஒரு பச்சை மட்டை எப்போதோ காய்ந்திருக்கும், இருபத்தொரு வருஷமாக அவளுக்குத் திக்ரு செய்தது இந்தக் கோரைதான். அதைக் கொல்லுகிற மருந்தை நானே தூக்குவதா? முடியாது என்று சொன்னால் மருந்தடிக்கிற பதுர்தீனைக் கூப்பிடுவார்கள், அவன் வெங்காயத் தோட்டங்களுக்கு அடிக்கிறவன், ஓர் அங்குலம் விடமாட்டான். அதனால் ஒரு யோசனை செய்தேன். நானே அடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன், அடிக்கும்போது கிணற்றிலிருந்து இருபத்திரண்டு எட்டு எண்ணி, அந்த ஏழு பேரும் இருக்கிற துண்டை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன், யாரும் கேட்டால் டாங்கியில் மருந்து முடிந்துவிட்டது என்பேன். இது பொய்தான், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்துவிட்டேன்.

நீ சொன்னபடியே பத்து நாள் தண்ணீர் விட்டேன். பதுர்தீன் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தான், என்ன அபூசாலி நானா, அறுக்கிறதுக்கு முந்தி ஆட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரிப் புல்லுக்கும் காட்டுறீங்களா, மகன் கட்டாருக்குப் போய்ப் படிச்சது இதுதானா என்று. அவன் சிரித்தாலும் சொன்னது என் நெஞ்சில் குத்தியது. கோரை முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது, அவ்வளவு அழகாக நான் கோரையைக் கண்டதில்லை. கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கலங்கல் தண்ணீரும் ஆகாது, மருந்து செத்துவிடும் என்று நீ சொன்னதால் பீப்பாவில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில்தான் கலந்தேன். வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டி, சப்பாத்தும் கையுறையும் போட்டு, பனி காய்ந்த பிறகு, காற்று எழும்ப முதல் அடித்து முடித்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. புல் முந்தியதைவிடச் செழிப்பாக நின்றது, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் நுனி மஞ்சள். எட்டாம் நாள் தாள் முழுவதும் வைக்கோல் நிறம். நான் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன் மகன், கீழே கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்துச் சோர்ந்து போயிருந்தது. மண்ணுக்குள் ஒரு சொட்டும் நான் ஊற்றவில்லை, இலைதான் தன் வாயால் குடித்துத் தன் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. மனுஷன் எதையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான், ஸுப்ஹானல்லாஹ், இதைச் செய்கிற அறிவை மனுஷனுக்குக் கொடுத்தவன் எவ்வளவு பெரியவன் என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

அரை ஏக்கரும் செத்து, கிணற்று மூலையில் நான் விட்ட துண்டு மட்டும் பச்சையாக நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆறுதல். இஸ்ஸதீன் தம்பி வந்து பார்த்தார், அந்த மூலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். போகும்போது மட்டும், ரெண்டாந்தரம் அடிக்கக்குள்ள பாத்துக்குவம் நானா என்றார்.

நீ சொன்னாய் என்பதற்காகச் செத்த நிலத்துக்கும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பத்தொன்பதாவது நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து குழாயைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நிலத்தின் நடுவில், விடுதி வாசலுக்கு நேரே, செத்த புல்லுக்குள்ளிருந்து கோரை முளைத்திருந்தது. அங்கொன்று இங்கொன்றாக இல்லை மகன். கோடு கிழித்து வைத்தாற்போல, துண்டு துண்டாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. வேறு எங்கும் ஒரு முளை இல்லை. எண்ணினேன். ஏழு. ஏழும் வடக்குத் தெற்காகப் படுத்திருந்தன, தலை வடக்கே, முகம் மேற்கே கிப்லாவுக்கு வைக்கிற மாதிரி. கிழக்கே முதலாவது நீளம். அடுத்தது கட்டை. அதற்கடுத்தது அதைவிடக் கட்டை. நாலாவது எல்லாவற்றிலும் நீளம். பிறகு மூன்றும் கட்டை. நான் வாயால் சொன்னதை யாரோ பச்சையால் எழுதி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அதை நான் வாசித்தேன்.

வாசித்தேன், ஆனால் இடம் விளங்கவில்லை. நான் காப்பாற்றி வைத்த துண்டு கிணற்று மூலையில் நிற்கிறது, இவர்கள் நடு நிலத்தில் இருக்கிறார்கள். பதுர்தீனைக் கூப்பிட்டேன், அவன் மண்ணோடு கிடக்கிறவன், குந்தி இருந்து விரலால் தோண்டிப் பார்த்தான், சிரிக்கவில்லை. நானா, இது ஒருக்கா ஆழமாத் தோண்டி மூடின மண்ணு, மேல்மண்ணோட கெழங்கும் கீழ போயிரிக்கி, வேர் ஆழத்துல ஓடினதால மருந்து அங்க மட்டும் போய்ச் சேரல்ல, வெங்காயத் தோட்டத்துல பழைய குழி இருந்த இடத்திலயும் இப்பிடித்தான் வரும் என்றான். பிறகு தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு, ஆனா இப்பிடி வரிசையா நான் கண்டதில்ல நானா என்றான்.

இஸ்ஸதீன் தம்பிக்கு ஆள் அனுப்பினோம். வந்தார். தூரத்தில் வரும்போதே நடை குறைந்தது. ஓரத்தில் நின்று விரலை மடக்கி எண்ணினார், நீளம், கட்டை, கட்டை, நீளம் என்று அவருடைய வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்தார். பிறகு, நானா, ஒங்கட கணக்குச் சரி, ஆனா நீங்க காட்டின இடம் அது இல்லயே என்றார். அதுதான் தம்பி எனக்கும் விளங்கவில்லை, கிணற்றிலிருந்து இருபத்திரண்டு எட்டு என்றேன். எந்தக் கிணறு என்று கேட்டார். காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துவிட்டார். அது புதுக் கிணறு நானா, பழைய கிணத்துல உப்புத் தட்டினதால தொண்ணூத்தி நாலுல வாப்பா அதை மூடிப்போட்டு இதைக் கட்டினவர், அதே மாதிரிக் கட்டு, அதே அளவு என்றார். அப்போது நாங்கள் பாலாவி உப்பளத்தில். வேலிக்கு வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் கிணறு கிணறுதானே. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய கிணற்றின் இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். நான் அங்கே நின்று களப்பைப் பார்த்துக்கொண்டு எண்ணி நடந்தேன். இருபத்திரண்டாவது எட்டு அந்தப் பச்சை வரிசையின் ஓரத்தில் போய் நின்றது.

மகன், இதை நீ நன்றாக யோசித்துப் பார். பதினேழு பதினெட்டு வருஷமாக நான் வெறும் மண்ணுக்கு ஸலாம் சொல்லியிருக்கிறேன். என் ஞாபகம் சரியான இடத்தைக் காட்டியிருந்தால் அந்த இடத்துக்கு மருந்து அடிக்காமல் விட்டிருப்பேன், அது மற்றப் பச்சையோடு பச்சையாக நின்றிருக்கும், ஒருவரும் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்கள், இரண்டாந்தரம் பதுர்தீன் வந்து அதையும் அடித்திருப்பான், மேலே புதுப் புல் விரிந்திருக்கும். என் பிழையால்தான் அவர்கள் வெளிப்பட்டார்கள். எதைக் கொடுத்தால் பச்சை சாகும் என்று நான் பயந்தேனோ, அதையே என் கையால் கொடுக்கவைத்து, அதைக்கொண்டே அல்லாஹ் பச்சையை எழுப்பிக் காட்டியிருக்கிறான். இந்த இடத்தில் றிஸ்மினா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள், தாளில் ஈரம் பட்டிருந்தால் அது அதுதான்.

உம்மாவிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் போய்ச் சொன்னேன். அவள் இருந்த இடத்தை விட்டு எழும்பினாள். பிறகு, அப்ப இத்தனை வருஷமா என்னையும் பஸ்ஸுக்குள்ள பிழையான பக்கம் பாக்க வச்சிரிக்கிறீங்க, ஒரு கிணத்தைத் தெரியாத மனுஷன் எனக்கு மாப்புள என்று ஏசிக்கொண்டே சேலையை மாற்றினாள். முழங்கால் நோவு என்று கிளினிக்குக்கே ஆட்டோ கேட்கிறவள், அன்றைக்கு ஆட்டோ வரும் வரைக்கும் நிற்கவில்லை, ரோட்டில் இறங்கி நடந்துவிட்டாள். இஸ்ஸதீன் தம்பி எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டுத் தானும் தள்ளிப் போய் நின்றார். நான் தூரத்தில் இருந்தே மூன்றாவதைக் காட்டினேன். உம்மா அதன் ஓரத்தில் மெல்ல இருந்தாள். கோரை அப்போது இரண்டு விரல் உயரம்தான். அவள் தொட்டுப் பார்க்கவில்லை, கையை மேலே பிடித்துச் சாண் வைத்து அளந்தாள். ஐந்து சாண். திரும்பவும் அளந்தாள். என்னைப் பார்த்து, இவ்வளவுதானா எங்கட புள்ள, இவ்வளவு சின்னவளா என்றாள். இத்தனை வருஷமும் அவள் மனதுக்குள் அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள், இப்போது கல்யாண வயதில் இருந்திருப்பாள். என் ஆயுளில் உன் உம்மா அழுததை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அன்றைக்கு அவள் அழவில்லை, சிரித்த முகமாகவே இருந்து, ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு ஏதோ கதைத்தாள், என்ன கதைத்தாள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

பள்ளிவாசலில் இருந்து மௌலவியும் மூன்று பெரியவர்களும் வந்து பார்த்து, பாத்திஹா ஓதினார்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, அப்படித் தோண்டவும் கூடாது என்று மௌலவி சொன்னார். இஸ்ஸதீன் தம்பி எல்லாருக்கும் முன்னால், இரண்டாந்தர மருந்து அந்த இடத்துக்கு இல்லை, சுற்றி இடுப்புயரத்துக்குக் கட்டு வைத்து, தலைமாட்டுக்குக் கல்லும் வைப்பேன், விடுதி வாசலை மேற்குப் பக்கம் திருப்புகிறேன், ஒங்கட ஆட்கள் எந்த நேரமும் வந்து போங்க என்றார். பிறகு என்னிடம் தனியாக, நானா, நான் ஒங்களிட்ட கடதாசி கேட்டன், மன்னிச்சிக்கொள்ளுங்க என்றார். தம்பி, நீங்கள் கேட்டதில் பிழை இல்லை, நானும் பிழையான இடத்தைத்தானே காட்டினேன் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

ஆனாலும் இப்போது எனக்கு ஒரு கடதாசி வேண்டும், அதுதான் இது. என் தலையை இனி நான் நம்பமாட்டேன். கேட்டுக்கொள், கிழக்கேயிருந்து மேற்காக. முதலாவது ஹயாத்து முகம்மது, தோணிக்காரர், எங்களைக் கொண்டுவந்து இறக்கியவர்களில் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய பேரன் அஸ்ஜத், மூன்று வயது. மூன்றாவது எங்கள் அக்கீலா. நாலாவது சித்தி ஸுலைஹா, நெடிய பெண், அக்கீலாவுக்குக் கடைசி நாளில் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் பருக்கிக்கொண்டு இருந்தவர், இரண்டு நாளில் அவரும் போனார். பிறகு ருஷ்தாவும் றஹ்மாவும், அக்கா தங்கச்சி, ஆறும் நாலும் வயது. ஏழாவது ஆண் பிள்ளை, பிறந்து ஒன்பது நாள், பெயர் வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது, அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை, இன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. இந்தத் தாளை நீ உன் பாஸ்போட்டோடு வைத்திரு. இஸ்ஸதீன் தம்பிக்கும் ஒன்று, பள்ளிக்கும் ஒன்று றிஸ்மினா எழுதிக் கொடுப்பாள், கல்லில் வெட்டவும் இதைத்தான் கொடுக்கிறோம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். பிறகு மற்ற இடத்தில் தப்பி முளைத்ததற்கும், கிணற்று மூலையில் நான் வீணாகக் காப்பாற்றியதற்கும் போன கிழமை மருந்து அடித்தாகிவிட்டது. புல் லொறி வருகிற ஒன்பதாம் தேதி வருகிறது. அந்தக் கோரை கட்டுக்குக் கீழால் ஊர்ந்து புதுப் புல்லுக்குள் போனால் தம்பியின் காசு நாசம், புதுப் புல் இந்தப் பக்கம் ஊர்ந்து வந்து கோரையை மூடினால் எனக்கு ஆகாது. இரண்டையும் பிரிக்க மண்ணுக்குள் தகரம் இறக்கலாம் என்று பதுர்தீன் சொல்கிறான், எத்தனை அடி ஆழம் இறக்க வேண்டும், கபுறிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும் என்று நீ சொல். இன்னொன்று. சித்திரை வெயில் இந்த மண்ணில் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், மருந்து பட்டு மீண்ட புல், உடம்பில் பலம் குறைவாகத்தான் இருக்கும். உம்மா பின்னேரம் அஸருக்குப் பிறகு வாளியோடு போய்த் தண்ணீர் தெளிக்கிறாள், போதுமா என்று தெரியவில்லை. பாலைவனத்தில் பச்சையைப் பிழைக்க வைக்கப் படித்தவன் நீ. இந்த வீட்டில் ஒருவருக்கும் இதுவரை கோரை வளர்த்துப் பழக்கம் இல்லை மகன், எத்தனை வாளி, எந்த நேரம், நிழலுக்கு ஓலை கட்டலாமா, எல்லாவற்றையும் விபரமாகச் சொல்.

நீயும் அங்கே மருந்து அடிக்கும்போது முகத்தை மூடிக்கொள், கையைக் கழுவாமல் சாப்பிடாதே, வெயிலுக்குள் வேலை செய்கிற நாட்களில் உப்புப் போட்டுத் தண்ணீர் குடி. தொழுகையை விட்டுவிடாதே. அல்லாஹ் உன் ரிஸ்கில் பரக்கத் செய்து, உன் கையால் முளைக்கிற ஒவ்வொரு பச்சைக்கும் உனக்குக் கூலி எழுதி, எங்கள் கண் மூடுவதற்கு முன் உன்னை எங்களோடு சேர்த்து வைப்பானாக. ஆமீன். தகரத்தின் ஆழத்தை வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திருக்காமல் உடனே போன் எடுத்துச் சொல். உம்மா கேட்கச் சொன்னாள், வாளித் தண்ணீரில் கொஞ்சம் எரு கரைத்து ஊற்றினால் அவளுக்குக் கூடாதா என்று. அவளுக்கு என்றுதான் சொல்கிறாள், புல்லுக்கு என்று சொல்வதில்லை.

இப்படிக்கு,
பெருவிரல் அடையாளம் வைத்து உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்
உன் வாப்பா அபூசாலி

(கையெழுத்து ராத்தா றிஸ்மினாவுடையது)